வகுப்பறைச் சூழல்: கேட்டவர்களும் என் பதில்களும்

வடசென்னையில் 26 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து, பிறகு ஆசிரியர் பயிற்சியில் 9 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். கற்கும் இடம் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் எப்படி மாற்றுகிறது என்பது பற்றி வந்த கேள்விகளில் பதினொன்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரையும் பணியையும் மட்டும் குறித்திருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன. அவை பல ஆண்டுகளாக என் மனத்தை விட்டு அகலாத கேள்விகளுக்கு எழுதியவை.

பம்மலிலிருந்து ஒரு தாய்: என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டு மறுபடியும் தொடங்குகிறார் என்கிறான். இதனால் படிப்பு கெடுமா, அல்லது போகப் போகப் பழகிவிடுமா?

பழகிவிடும் என்பதுதான் அம்மா இதில் கவலைக்குரியது. இரைச்சலைக் கேட்காமல் இருக்கப் பழகும் காது, சில காலம் சென்றபின் பேச்சையும் சேர்த்தே கேட்காமல் விட்டுவிடுகிறது.

நியூயார்க்கில் மேம்பால ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு பள்ளியை ஆர்லின் பிரான்ஸாஃப்ட் என்ற உளவியலாளர் ஆராய்ந்து 1975இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரே பள்ளி, ஒரே பாடம், ஒரே வட்டாரத்துப் பிள்ளைகள். தண்டவாளத்தின் பக்கம் இருந்த அறைகளில் ஏறத்தாழ நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை ரயிலின் ஓசை பாடத்தை வெட்டியது. மறுபக்கத்து அறைகளில் அந்தத் தொல்லை இல்லை. ஆறாம் வகுப்புக்கு வரும்போது, இரைச்சல் பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பில் சுமார் ஓராண்டு பின்தங்கியிருந்தார்கள். பிறகு தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகள் வைத்தார்கள்; வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகைகளைப் பொருத்தினார்கள். 1981இல் அவரே வெளியிட்ட அடுத்த ஆய்வில் இரு பக்கங்களுக்கும் இடையில் இருந்த வேறுபாடு மறைந்துவிட்டிருந்தது. ஜெர்மனியில் மியூனிக் நகரின் பழைய விமான நிலையம் 1992இல் மூடப்பட்டபோதும் இதுவே நடந்தது: பழைய நிலையத்துக்கு அருகில் இருந்த பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் தேறின, புதிய நிலையத்துக்கு அருகில் இருந்தவர்களுக்கு அவை குறையத் தொடங்கின. கெட்டது திரும்பச் சீராகும் என்பதை இரண்டு ஊர்களுமே காட்டியிருக்கின்றன என்பதால் இவற்றைச் சொல்கிறேன்.

பெரியவர்களான நாம் காதில் விழாத சொல்லை ஊகித்து இட்டு நிரப்பிக்கொள்கிறோம். எட்டு வயதுப் பிள்ளையிடம் அப்படி நிரப்புவதற்குச் சொற்களின் இருப்பு போதாது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியின் பின்சுவரை ஒட்டிச் சரக்கு ரயில் போகும். "ஆகையால்" என்று சொல்லி நிறுத்துவேன். பெட்டிகள் கடந்து முடிய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். மறுபடி பேசத் தொடங்கும்போது, அந்த "ஆகையால்" எதைத் தொட்டு நின்றது என்பது பிள்ளைகளின் முகத்தில் இருக்காது. சில நாட்களில் எனக்கே நினைவிருக்காது. நாளடைவில் நீண்ட வாக்கியங்களைப் பேசுவதையே நான் கைவிட்டிருந்தேன் என்பதை, மாற்றலாகி அமைதியான வேறு பள்ளிக்குப் போன பிறகுதான் உணர்ந்தேன்.

பள்ளி நிர்வாகத்திடம் நீங்கள் கேட்கக்கூடியவை சில உண்டு. மொழிப்பாடமும் சொல்வதெழுதுதலும் கட்டடத்தின் அமைதியான பக்கத்தில் நடக்கட்டும். ஓவியமும் கைவேலையும் இரைச்சல் பக்கத்துக்குப் போகலாம். விமானம் கடந்ததும் ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து தொடராமல், அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லட்டும்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் ஆசிரியை: வெள்ளிக்கிழமை வந்தால் குரல் போய்விடுகிறது. வீட்டில் என் பிள்ளைகளிடம் பேசக்கூட முடிவதில்லை. எல்லா ஆசிரியர்களுக்கும் இப்படித்தானா?

பலருக்கும் இப்படித்தான், ஆனால் இதை இயல்பென்று ஏற்றுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். பாடம் நடக்கும்போது வகுப்பறையில் பின்னணி ஓசை 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வரையறுத்தது. கடகடக்கும் மூன்று மின்விசிறிகளும் தெருப் பக்கம் திறந்த சன்னல்களும் கொண்ட நம் அறைகளில் அது எப்படிக் கட்டுப்படும்? ஓசை கூடினால் பேசுபவரின் குரல் அவரை அறியாமலே உயரும். பிரெஞ்சு மருத்துவர் லம்பார்ட் 1911இலேயே இதைக் குறித்து வைத்தார். நீங்கள் குரலை உயர்த்தினால் பிள்ளைகளும் உயர்த்துவார்கள். வகுப்புகளைப் பிரிக்கும் பிளைவுட் தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆசிரியையும் உயர்த்துவார்.

கவனத்தைத் திருப்புவதற்குக் கத்தாதீர்கள். கைதட்டும் தாளம் ஒன்றைப் பழக்குங்கள். முக்கியமானதைச் சொல்லும்போது மேசையை விட்டு வந்து நடுவில் நின்று சொல்லுங்கள். தட்டிக்கு அப்பால் இருக்கும் ஆசிரியையிடம் பேசி, அவர் வாய்ப்பாடு சொல்ல வைக்கும் நேரத்தில் நீங்கள் எழுத்துவேலை தருவது என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நானும் என் பக்கத்து வகுப்பு ஆசிரியையும் ஆறு ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டினோம். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் கட்டாயம் பாருங்கள்.

அம்பத்தூரிலிருந்து ஒரு பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்: முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு தொகை தருகிறார்கள். ஸ்மார்ட் போர்டு வாங்கலாமா, ஏ.சி. போடலாமா என்று குழுவில் இரண்டு கருத்து நிலவுகிறது.

உங்கள் கடிதத்தில் மேல்மாடி அறைகள் இரண்டுக்குத் தகரக் கூரை என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் செலவு அந்தக் கூரைக்குத்தான் என்பது என் கருத்து.

அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. குளிரூட்டும் வசதி இல்லாத பள்ளிகளில், கல்வியாண்டின் வெப்பம் ஒரு ஃபாரன்ஹீட் பாகை கூடினால், அந்த ஆண்டில் கற்பது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு குறைகிறது என்று அதில் கண்டார்கள். சென்னையில் வெப்பத்தோடு கடல் காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். மதியம் சத்துணவுக்குப் பிறகு இரண்டு மணிக்குத் தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தூங்கி விழுந்தால் அவனைச் சோம்பேறி என்று சொல்வது பாவம்.

ஏ.சி. வெப்பத்தைப் போக்கும், ஆனால் சன்னல்களை அடைக்க வைக்கும். நாற்பது பேர் மூச்சு விடும் அடைத்த அறையில் கரியமில வாயு விரைவில் ஏறி, பிள்ளைகளோடு ஆசிரியரையும் மந்தமாக்கிவிடும். மின்கட்டணத்தை யார் கட்டுவது என்ற கேள்வியும் ஆண்டுதோறும் வரும். பழைய மெட்ராஸ் கட்டடங்களைக் கட்டியவர்கள் இதைச் சிந்தித்தே உயரமான கூரையும், கூரையை ஒட்டி வெப்பக் காற்று வெளியேறும் துவாரங்களும், வெயில் சுவரில் படாதபடி தாழ்வாரமும் வைத்தார்கள். அந்தத் துவாரங்களைப் பல பள்ளிகளில் பெயிண்ட் அடித்தே மூடியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பள்ளியில் அப்படியிருந்தால் முதலில் அவற்றைத் திறந்துவிடுங்கள். கூரைக்கு மேலே வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு, உள்ளே ஒரு பொய்க்கூரை, எதிரெதிர்ச் சன்னல், மேற்குப் பக்கம் இரண்டு புங்க மரங்கள் ஆகியவை ஒரு ஸ்மார்ட் போர்டின் விலையில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஓலை வேயலாமே என்று குழுவில் யாரோ சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் ஓலைக் கூரை பற்றி எரிந்து 94 பிள்ளைகள் மாண்டார்கள். அதன்பின் ஓலைக் கூரைகள் பள்ளிகளிலிருந்து அகற்றப்பட்டது சரியான செயல். ஆனால் நான் கண்ட பல இடங்களில் ஓலை இருந்த இடத்துக்குத் தகரம் வந்ததே ஒழிய, வெப்பத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

புளியந்தோப்பிலிருந்து ஒரு தாய்: என் மகள் தண்ணீர் பாட்டிலை நிரம்பக் கொண்டுபோய் அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள்.

கழிவறைக்குப் போக மனமில்லாமல் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறாள். நூற்றுக்கணக்கான பெண் பிள்ளைகளிடம் இதைக் கண்டிருக்கிறேன். மதியத் தலைவலியும் கவனக்குறைவும் சிறுநீர்த் தொற்றும் இதன் பின்னே வரும். பெண்களுக்குத் தனிக் கழிவறை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ளது. நீங்கள் மற்ற தாய்மார்கள் மூவரைச் சேர்த்துக்கொண்டு நேரில் போய்த் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். பல பள்ளிகளில் குறை இந்தத் தாழ்ப்பாளில்தான் இருக்கும்.

குரோம்பேட்டையிலிருந்து ஒரு பட்டதாரி ஆசிரியர்: 2025 ஜூலையில் 'ப' வடிவில் மாணவர்களை உட்கார வைக்கும்படி சொன்னார்கள், பிறகு அது நிறுத்தி வைக்கப்பட்டது. கடைசி பெஞ்சு என்பதை ஒழிக்க அது நல்ல வழிதானே?

நோக்கம் நல்லது. வரிசையாக அமர்ந்த வகுப்பில் ஆசிரியரின் பார்வையும் கேள்விகளும் முன்வரிசையிலும் நடுவிலும் அதிகம் விழுகின்றன என்பதை வகுப்பறைகளைக் கவனித்தவர்கள் நெடுநாளாகவே சொல்லி வருகிறார்கள். ஆனால் அறையின் அளவு ஒத்துவர வேண்டும். இருபது அடிக்கு இருபது அடி அறையில் மூன்று சுவர்களை ஒட்டி 'ப' அமைத்தால், வாசலும் மூலைகளும் போக இருபத்தைந்து பேர் உட்காரலாம். நாற்பது பேர் இருந்தால் உள்ளே இன்னொரு 'ப' போட வேண்டும். அப்போது வெளிச்சுற்று கடைசி பெஞ்சாகிவிடும். பக்கவாட்டில் உட்காருபவர்கள் நாள் முழுவதும் கழுத்தைத் திருப்பியே கரும்பலகையைப் பார்க்க வேண்டியிருக்கும்.

வேலைக்கேற்ற இருக்கை என்பதுதான் ஆய்வுகள் காட்டும் வழி. 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனில், குழு மேசைகளில் இருந்த பத்து வயதுப் பிள்ளைகளை வரிசைக்கு மாற்றிப் பார்த்தபோது, தனியாகச் செய்யும் வேலையில் அவர்களின் கவனம் கூடியது; வழக்கமாகக் கவனம் சிதறுபவர்களுக்கே பலன் மிகுதியாக இருந்தது. கூடிப் பேசிச் செய்யும் வேலைக்கு முகம் பார்த்த இருக்கை வேண்டும். கணக்குப் போடும்போது வரிசையிலும், செய்யுளைப் பற்றி உரையாடும்போது முன் பெஞ்சுக்காரர் பின்னால் திரும்பி நால்வராகவும் உட்காரலாம். பெஞ்சை நகர்த்தவே வேண்டாம்.

பயிற்சியில் நாங்கள் ஒன்று செய்வோம். பயிற்சி மாணவர் ஒருவர் வகுப்பின் ஓரத்தில் அமர்ந்து, அறையின் படத்தைத் தாளில் வரைந்துகொண்டு, பாடம் நடத்துபவர் எங்கெங்கே நடக்கிறார் என்பதைப் பென்சிலால் கோடாக இழுப்பார். நாற்பது நிமிடம் கழித்துத் தாளைக் காட்டினால், கரும்பலகைக்கும் மேசைக்கும் இடையில் கோடுகள் கறுத்துக் கிடக்கும். சன்னலோர மூன்றாவது பெஞ்சைத் தாண்டி ஒரு கோடும் போயிருக்காது. அந்தத் தாளைப் பார்த்து ஒரு மூத்த ஆசிரியர் கண் கலங்கியதை நான் அறிவேன். அந்த மூலையில் இருந்த சிறுவனின் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இருக்கையை மாற்றும் ஆணைக்குக் காத்திருக்காமல், வாரம் ஒரு பெஞ்சு என்று எல்லாரையும் சுழற்றுங்கள். பாடத்தின் பாதியைப் பின்சுவரின் அருகில் நின்று நடத்துங்கள்.

அண்ணா நகரிலிருந்து ஒரு மழலையர் வகுப்பு ஆசிரியை: சுவரில் ஓர் அங்குலம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது என்று நிர்வாகம் சொல்கிறது. பெற்றோருக்கும் அதுவே பிடித்திருக்கிறது.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2014இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், மழலையர் 24 பேருக்கு, அலங்காரம் நிறைந்த அறையிலும் வெறுஞ்சுவர் அறையிலும் மாற்றி மாற்றி அறிவியல் பாடம் நடத்தினார்கள். அலங்கார அறையில் கவனம் அதிக நேரம் சிதறியது. பாடத்துக்குப் பின் கேட்ட கேள்விகளில் வெறுஞ்சுவர் அறையில் 55 விழுக்காடும் அலங்கார அறையில் 42 விழுக்காடும் சரியான விடைகள் வந்தன. சிறிய ஆய்வுதான் என்றாலும் என் அனுபவம் அதனோடு ஒத்துப்போகிறது. கரும்பலகை இருக்கும் சுவரை வெறுமையாக விட்டு, பின்சுவரில் பிள்ளைகள் தாங்களே வரைந்தவற்றை மட்டும் மாட்டி மாதம் ஒருமுறை மாற்றுங்கள். தன் படம் எங்கே இருக்கிறது என்று அப்பாவின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டும் பிள்ளையைப் பார்த்த பிறகு நிர்வாகம் மறுக்காது.

சைதாப்பேட்டையிலிருந்து ஒரு பி.எட். மாணவர்: பிள்ளைகள் பாட அட்டைகளை எடுத்துத் தத்தம் வேகத்தில் தாமே கற்கும் செயல்வழிக் கற்றல் தோற்றுவிட்டது என்று எங்கள் வகுப்பில் ஒருவர் சொன்னார். சூழலை மாற்றினால் கல்வி மாறும் என்பது அப்போது பொய்தானா?

கற்கும் இடத்தை மாற்றிப் பார்ப்பதில் சென்னைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆண்ட்ரூ பெல் 1789இல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்து, மூத்த பையன்களை இளையவர்களுக்குச் சொல்லித்தர வைத்தார். சட்டாம்பிள்ளை என்று நாம் வைத்திருந்த ஏற்பாடு 1797இல் லண்டனில் அச்சேறி, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அந்த நாட்டில் பரவியது. மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். சிறு கைக்கு எட்டும் அலமாரியும் சிறு உடலுக்கேற்ற நாற்காலியும் கல்வியின் பகுதிகள் என்பது அவர் வலியுறுத்தியது.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007–08இல் மாநிலம் முழுவதற்கும் போனது. நான் அதை உள்ளே இருந்து பார்த்தவள். பெஞ்சுகள் வெளியே போயின, பாய்கள் வந்தன. பாடநூல் அட்டைகளாகப் பிரிந்து, ஏணிப்படிகளாக அடுக்கப்பட்டது. சுவரைச் சுற்றிலும் தரையை ஒட்டிக் கீழ்மட்டக் கரும்பலகை கட்டி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம் ஒதுக்கினார்கள். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி காலையில் பையை வைத்ததும் நேரே போய்த் தன் கட்டத்தை ஈரத்துணியால் துடைப்பாள். மூலையில் தேதி எழுதுவாள். பக்கத்துக் கட்டத்துக்காரன் கோட்டைத் தாண்டினால் சண்டைக்குப் போவாள். பள்ளியில் தனக்கென்று இரண்டடி இடம் இருப்பது அந்தப் பிள்ளைக்கு என்னவாக இருந்தது என்பதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

ஆசிரியரின் நிலை வேறாக இருந்தது. முப்பது பிள்ளைகள் முப்பது படிகளில் நிற்பார்கள். ஒவ்வொருவரும் எந்த அட்டையில் இருக்கிறார் என்று குறிக்க வேண்டும். கிழிந்த அட்டைக்கு மாற்று கிடைக்காது. பார்வையிட வருபவர் பிள்ளையிடம் பேசாமல் பதிவேட்டைத்தான் புரட்டுவார். நாற்காலி போய்விட்டதே மரியாதை குறைந்ததாகச் சிலருக்குப் பட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாற்பது வயதுக்கு மேல் முழங்கால் வலியோடு நாள் முழுவதும் பாயில் உட்கார்ந்து எழுவது எளிதன்று. ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் இரண்டு மூன்று ஆசிரியர்கள் வாய்த்த பள்ளிகளில் அந்த முறை அழகாக நடந்தது. தனியாக மாட்டிக்கொண்ட ஆசிரியரின் வகுப்பில், பிள்ளைகள் கேட்பாரின்றி அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். மாணவரின் சூழலை மாற்றிய அளவுக்கு ஆசிரியரின் சூழலை மாற்றவில்லை என்பதுதான் என் தீர்ப்பு. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பயிற்சி மாணவராகப் பள்ளிக்குப் போகும்போது, பிள்ளைகளைக் கவனிப்பது போலவே அந்த ஆசிரியருக்கு ஒரு நாளில் எத்தனை நிமிடம் தயாரிப்புக்குக் கிடைக்கிறது என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

பெரம்பூரிலிருந்து ஒரு தந்தை: மதிப்பெண் பார்த்து ஏ, பி, சி, டி என்று பிரிவு போட்டுவிட்டார்கள். மகன் டி பிரிவில் இருக்கிறான். அவனுக்கேற்ற வேகத்தில் நடத்துவார்கள் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

ஒப்புக்கொள்ள வேண்டாம் என்றே சொல்வேன். ராபர்ட் ரோசன்தால், லெனோர் ஜேக்கப்சன் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு தொடக்கப் பள்ளியில் செய்து 1968இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. இந்த ஆண்டு நன்றாக மலரப்போகும் பிள்ளைகள் என்று, குலுக்கல் போல எடுத்த சில பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளைகளில் முதல் இரண்டு வகுப்பினரின் நுண்ணறிவு மதிப்பெண் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏறியிருந்தது. மேல் வகுப்புகளில் அந்த விளைவு தெளிவாக இல்லை. ஆய்வின் முறையைப் பற்றி நீண்ட விவாதமும் நடந்தது. ஆனாலும் ஆசிரியர் ஒரு பிள்ளையிடம் எதை எதிர்பார்க்கிறாரோ அது அவரது காத்திருப்பிலும் கேள்வியிலும் முகத்திலும் வெளிப்படும் என்பதை வகுப்பில் நின்ற எவரும் மறுக்க மாட்டார்.

டி பிரிவுக்குப் போகும் ஆசிரியரும் நாளடைவில் டி பிரிவு ஆசிரியராகிவிடுகிறார். கடினமான கணக்கைத் தவிர்க்கிறார். புதிதாக வந்தவரை அங்கே அனுப்புகிறார்கள். விடுப்பில் போனால் மாற்று ஆசிரியர் வருவதில்லை. கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கு நாளில் ஒரு மணி நேரம் தனியாகச் சொல்லித்தருவது வேறு. ஆண்டு முழுவதற்கும் ஒரு பெயரை நெற்றியில் ஒட்டி அனுப்புவது வேறு. முதலாவதைக் கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள் ஐயா.

ஒரு நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர், திருவொற்றியூர்: புதிதாக வந்த ஆசிரியை இரண்டாம் ஆண்டிலேயே மாறுதல் கேட்கிறார். நல்ல திறமைசாலி. சம்பளமும் கட்டடமும் என் கையில் இல்லை. நான் என்ன செய்ய முடியும்?

உங்கள் கையில் இருப்பதுதான் பெரியது. அமெரிக்காவின் ஷார்லட் நகரப் பள்ளிகளைப் பத்தாண்டுக் காலத்துக்குத் தொடர்ந்து பார்த்து 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சக ஆசிரியர்களின் ஒத்துழைப்பும் ஒழுங்கும் தலைமையின் ஆதரவும் நிறைந்த பள்ளியில் இருந்த ஆசிரியர்கள், அவை குறைந்த பள்ளியில் இருந்தவர்களைவிட 38 விழுக்காடு அதிகமாக மேம்பட்டிருந்தார்கள். அனுபவம் எல்லாருக்கும் ஒரே அளவில்தான் கூடியது. அதிலிருந்து கற்றுக்கொள்ள முடிந்ததா என்பதில்தான் வேறுபாடு. வட கரோலினாவில் 2009இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒரு வகுப்புக்குத் திறமையான ஆசிரியர் புதிதாக வந்து சேர்ந்தால், அதே வகுப்பின் மற்றப் பிரிவு ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகளின் மதிப்பெண்களும் உயர்ந்தன.

ஆகவே உங்கள் ஆசிரியர் அறையைப் போய்ப் பாருங்கள். நான் முதலில் சேர்ந்த பள்ளியில் ஆசிரியர் அறை என்பது பழைய விடைத்தாள் கட்டுகளும் உடைந்த நாற்காலிகளும் நடுவே ஒரு நீள மேசையுமாக இருந்தது. அந்த மேசையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே ஒரு மூத்த ஆசிரியை என்னிடம், "இன்னைக்கு எந்தக் கணக்குல பசங்க முழிச்சாங்க?" என்று கேட்பார். நான் சொல்வேன். தன் பொரியலை என் தட்டில் வைத்துவிட்டு, எவர்சில்வர் மூடியின் பின்புறத்தில் விரலால் கோடு போட்டு, பின்னத்தை எப்படிக் காட்டலாம் என்று சொல்லித் தருவார். கல்லூரியில் கற்றதைவிட நான் அந்த மூடியில் கற்றது அதிகம். பிறகு போன இன்னொரு பள்ளியில் எல்லாரும் செல்பேசியில் விவரங்களை ஏற்றிக்கொண்டே சாப்பிட்டோம். எந்தப் பிள்ளை எங்கே முழித்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மூன்று ஆண்டுகளில் நான் ஒரு புதிய வழியையும் கற்றுக்கொள்ளவில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆசிரியரின் வாரத்தை 45 மணி நேரம் என்று, தயாரிப்பு நேரத்தையும் உள்ளடக்கியே சொல்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் உதவி, தேர்தல் ஆகியவை தவிரக் கல்வி சாராத வேலைகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று 27ஆம் பிரிவு தடுக்கிறது. இவற்றை முழுவதும் காப்பாற்ற உங்களால் முடியாமல் போகலாம். ஆனால் பதிவேற்ற வேலையை வாரத்தில் ஒரு நாளுக்கு ஒதுக்கி, மற்ற நாட்களில் மதிய இடைவேளையைக் காப்பாற்ற உங்களால் முடியும். அந்தப் புதிய ஆசிரியைக்கும் அனுபவமுள்ள ஒருவருக்கும் ஒரே பாடவேளை ஓய்வாக அமையும்படி கால அட்டவணையை மாற்றி எழுதவும் முடியும். பெற்றோர் ஒருவர் கோபத்தோடு வரும்போது அவரை நேரே வகுப்புக்கு அனுப்பாமல், முதலில் நீங்கள் உட்கார வைத்துப் பேசுங்கள். அந்த ஆசிரியை போகலாமா இருக்கலாமா என்று முடிவு செய்வது பெரும்பாலும் அப்படிப்பட்ட ஒரு நாளில்தான்.

கண்ணகி நகரிலிருந்து ஒரு தாய்: ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிறோம். டி.வி., பக்கத்து வீட்டுச் சத்தம், சமையல் எல்லாம் அங்கேதான். பிள்ளைகளுக்குப் படிக்க இடமில்லை என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

உறுத்தல் உங்களுக்கு வேண்டாம் அம்மா. அந்த அறையின் அளவை நீங்கள் முடிவு செய்யவில்லை. இடம் இல்லாதபோது நேரத்தை இடமாக்கலாம். மாலை ஏழு முதல் ஏழே முக்கால் வரை டி.வி. இல்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டு, அதை ஒரு நாளும் தவறாமல் காத்தால் போதும். சுவரைப் பார்த்தபடி ஒரு பாயையும் எழுத ஒரு பலகையையும் போடுங்கள். கொரோனாவுக்குப் பின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலையில் திண்ணையிலும் மாடிப்படியிலும் பிள்ளைகளை உட்கார வைத்தே சொல்லித் தந்தார்கள். இழந்த படிப்பை மீட்டதில் அந்த வகுப்புகளுக்குக் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு என்பதைப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. உங்கள் குடியிருப்பில் ப்ளஸ் டூ முடித்த பெண் யாராவது இருந்தால், நான்கு வீட்டுப் பிள்ளைகளை அவரிடம் சேர்த்து உட்கார வையுங்கள். விடுமுறை நாளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி, கொளத்தூர்: சார் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் "புரிஞ்சுது சார்" என்று சொல்லிவிடுகிறோம். எனக்குப் புரியவில்லை என்று சொல்லப் பயமாக இருக்கிறது. நான் மட்டும்தான் இப்படியா?

நீ மட்டும் இல்லை கண்ணா. நானும் பல ஆண்டுகள் அந்தப் பொய்யான "புரிஞ்சுது டீச்ச"ரைக் கேட்டு நம்பிக்கொண்டு, அடுத்த பாடத்துக்குப் போனவள்தான்.

பிறகு ஒரு பிஸ்கட் டின்னின் மூடியில் பிளவு போட்டு வகுப்பின் வாசலருகே வைத்தேன். பெயர் எழுதாமல், புரியாததை மட்டும் எழுதிப் போடலாம் என்றேன். முதல் வாரம் காலியாக இருந்தது. இரண்டாம் வாரம் ஏழாம் வகுப்புப் பிள்ளை யாரோ, நோட்டின் ஓரத்தைக் கிழித்து, "புள்ளி வச்ச கணக்கு அஞ்சாவதுல இருந்தே புரியல" என்று எழுதிப் போட்டிருந்தது. மறுநாள் யாரையும் கேட்காமல் ரூபாயையும் பைசாவையும் கரும்பலகையில் எழுதி, தசமத்தை முதலிலிருந்து தொடங்கினேன். எழுதியது ஒருவர்தான். நிமிர்ந்து உட்கார்ந்தவர்களை எண்ணினேன், ஒன்பது பேர்.

உன் சாரிடம் இதை நேரில் சொல்லப் பயமாக இருந்தால், வீட்டுப்பாட நோட்டின் கடைசி வரிக்குக் கீழே, எந்த வரியிலிருந்து புரியவில்லை என்று பென்சிலால் எழுதிக் கொடு. "பாடம் புரியவில்லை" என்று எழுதாதே, "மூன்றாவது படியில் மைனஸ் எப்படி பிளஸ் ஆனது?" என்பது போல எழுது. அப்படி எழுதி வரும் நோட்டை நாங்கள் முதலில் எடுத்துத் திருத்துவோம்.